ஊசி போட்ட தேதி இல்லாத ரிப்போர்ட்

கேள்வி: எனக்கு வயது 46. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு குறைந்துவிட்டதால், இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி போட்டுக்கொள்கிறேன். அடுத்த ஊசிக்குரிய நாளன்று, சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து நேராகச் சென்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன்; டெஸ்டோஸ்டிரோன் அளவு 290 என வந்தது. 10-ஆம் நாள் முதல் சோர்வும் இருக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும்படி மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா? ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். ரிப்போர்ட்டில் 290 என்ற எண்ணின் கீழ் மட்டும் பேனாவால் கோடிட்டிருக்கிறீர்கள். ஆனால் முதல் பக்கத்தில் ரத்த அணுக்களின் பட்டியலில் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 53 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது, எனக்குக் கவலை தருவது அதுதான்.

டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். ஹீமடோகிரிட் 54-ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகி உறையும் அபாயம் இருப்பதால், அது இறங்கும் வரை மருத்துவர்கள் ஊசியையே நிறுத்திவைப்பார்கள். நீங்கள் அந்த எல்லைக்கு மயிரிழையில் நிற்கும்போது மருந்தைக் கூட்டுவது எப்படிச் சரியாகும்? இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, போதிய தண்ணீர் குடிக்காமல் ரத்தம் கொடுத்திருந்தாலும் இந்த எண் சற்று ஏறிக் காட்டும் என்பதால், நன்றாகத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, மீண்டும் ஒருமுறை பாருங்கள். புகைப்பழக்கமோ, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டையோ இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுமே ஹீமடோகிரிட்டை உயர்த்தக்கூடியவை.

இனி 290-க்கு வருவோம். எனந்தேட் ஊசி முதல் சில நாட்களில் அளவை இயல்புக்கு மேலேகூட ஏற்றிவிட்டு, பிறகு படிப்படியாக இறங்கும். நீங்கள் ரத்தம் கொடுத்தது அதன் அடிமட்ட நாளில். மூன்றாம் நாள் கொடுத்திருந்தால் அதே ஊசிக்கு மிக உயர்ந்த எண் வந்து, குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இந்த ஊசிக்கு இரு ஊசிகளின் நடுவே, அதாவது உங்களுக்கு 7-ஆம் நாள், பார்ப்பதே முறை; அப்போது டெசிலிட்டருக்கு 350 முதல் 600 நானோகிராம் வரை இருந்தால் போதும். (நீண்ட நாள் வேலை செய்யும் வேறு வகை டெஸ்டோஸ்டிரோனான 1000 மில்லிகிராம் அன்டெகனோயேட் ஊசிக்கு இது பொருந்தாது; அதற்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்னரே பார்க்க வேண்டும்.)

உங்கள் சோர்வு கற்பனையன்று. ஏறி இறங்கும் இந்த ஊசலாட்டமே காரணமாக இருக்கலாம். வாரத்துக்குச் சராசரியாக 125 மில்லிகிராம் உங்களுக்குள் செல்கிறது. அதை வாரம் ஒருமுறை 75 முதல் 100 மில்லிகிராம் என்று மாற்றினால், மொத்த மருந்து குறைந்தும் ஏற்ற இறக்கம் தணியும். அதை முடிவு செய்ய வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். புதுவை ஜிப்மரில் அதற்கெனத் தனித்துறை உண்டு. பிட்யூட்டரி அறுவை நடந்தவர் என்பதால் காலை நேரக் கார்ட்டிசோலையும் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), பிட்யூட்டரியிலிருந்தே வரும் டி.எஸ்.எச். மட்டும் போதாது என்பதால் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் விடுபடக் கூடாது. இன்னும் குழந்தை வேண்டுமென்ற எண்ணம் இருந்தால், இந்த ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கும் என்பதால், முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

லேபில் ரத்தம் கொடுக்கும்போது, கடைசி ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.