பழைய பைக்: மீட்டரை நம்பலாமா?

கேள்வி: மன்னார்குடியில் ஒரு 125 சிசி பைக் விலைக்கு வருகிறது. 2017 மாடல், மீட்டரில் 21,000 கி.மீ. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி, "இங்கெல்லாம் வண்டி நம்பரைத் தட்டினாலே பழைய சோதனை விவரம் முழுக்க வந்துவிடும், நீயும் பார்த்துட்டு வாங்கு" என்கிறான். நம் ஊரில் அதற்கு வழி உண்டா?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே வண்டிக்கு மூன்று வயதானதும் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை வருடா வருடம் கட்டாயம். எதில் தேறியது, எதில் தவறியது, அன்று மீட்டர் எவ்வளவு என்பதை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம்மிடம் சொந்த உபயோக டூவீலருக்கு வருடாந்திரச் சோதனையே கிடையாது. 15 வருடம் முடிந்து ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்கும்போதுதான் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டி நிற்க வேண்டும். உங்கள் பைக்குக்கு அந்தக் கட்டமே வரவில்லை.

அடிக்கடி எடுப்பது புகைச் சான்று ஒன்றுதான். பி.எஸ். என்பது புகை அளவுக்கான அரசு விதி; பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம் செல்லும். அது புகையை மட்டும்தான் அளக்கும். பிரேக்கையோ சேஸியையோ யாரும் தொடுவதில்லை. "போன மாசம்தான் சார் டெஸ்ட் முடிச்சேன்" என்று அதை நீட்டினால் மயங்கிவிடாதீர்கள்.

ஆகவே வரலாற்றை நாலு இடத்திலிருந்து நாம்தான் சேர்க்க வேண்டும். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வண்டி மேல் கடன் பதிவு இருக்கிறதா என்ற விவரம் தெரியும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால், டியூ முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி உண்டா என்பதையும் பாருங்கள்.

கிலோமீட்டருக்கு நல்ல சாட்சி சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு, அதாவது வேலைச் சீட்டு. ஒவ்வொரு தடவை வண்டியை விடும்போதும் மீட்டரைக் குறித்துக்கொள்வார்கள். ஓனரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய பில்களைக் கேளுங்கள். 2020 பில்லில் 26,000 இருந்து இன்றைக்கு 21,000 என்றால் பேச்சே வேண்டாம், கிளம்பி வந்துவிடலாம். பில்லே இல்லையென்றால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. 2017 வண்டியில் 2019 டயர் என்றால் கம்பெனி டயர் சீக்கிரமே போயிருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். கியர் லிவர் ரப்பரும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் அதுவும் சாட்சிதான்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளை வரிசையாக வாங்கிப் பாருங்கள். ஃபுல் இன்சூரன்ஸில் கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஏறிக்கொண்டே வந்தது திடீரென்று பூஜ்யமானால் இடையில் கிளெய்ம் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்; அடி எங்கே என்று தேடுங்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் இந்தத் தடயம் கிடைக்காது. சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: காரைக்கால் வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பி.ஒய். 02 புதுச்சேரிப் பதிவு. நமக்கு அது வேறு மாநிலம். காரைக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபார்ம் 28 (வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழைய நம்பரிலேயே ஓட்ட முடியாது. குறைந்த விலையில் பாதி இதற்கே போனால் என்ன லாபம்?

கேள்வி: வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த கரை உங்களுடையது, கேட்பது நியாயம். வாட்டர் வாஷ் செய்து பாலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட்டைக் கழற்றி வயர் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் தண்ணீரோ உப்புக்காற்றோ உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையிலும் ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளேயும் வண்டல் கோடு நிற்கும். முன் ஃபோர்க் ராடில் துருப்புள்ளி இருந்தால் அது ஆயில் சீலை அறுக்கும், ஒழுகல் நிற்காது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது.

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போவது முக்கியம். நீங்கள் வருவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை முறுக்கும்போது நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். ரிங் என்றால் சிலிண்டரையும் கழற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, பேசிய விலையிலிருந்து கழியுங்கள்.