கார் வந்துவிட்டது, ஒயர் தாங்குமா?

பழைய வீட்டில் மின்சாரக் காரை எப்படிச் சார்ஜ் செய்வது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டு ஒயரிங் பார்ப்பவன் நான். காரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது; சுவருக்குள் இருப்பதைப் பற்றிக் கேளுங்கள். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): ஐயா, எங்கள் வீடு 1970களில் கட்டியது. சிங்கிள் பேஸ் இணைப்பு. ஒன்றரை டன் ஏசி, கீசர், ஒரு குதிரைத்திறன் மோட்டார் இருக்கின்றன. காருடன் 3.3 கிலோவாட் சார்ஜர் வருகிறது. 15 ஆம்பியர் பிளக் இருந்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அப்படிச் சொன்னவர் அந்தப் பிளக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார். 3.3 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்குச் சற்று மேல். உங்கள் கீசரும் அதில் பாதிக்கு மேல் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் தண்ணீர் சுட்டதும் நின்றுவிடும். கார் நிற்காது. பேட்டரி காலியாக இருந்தால் ஏழெட்டு மணி நேரம் ஒரே மட்டத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். பழைய ஒயரிங்கைக் கெடுப்பது இந்த நேரம்தான்.

அந்தக் காலத்து வீடென்றால் சுவரில் மர ரீப்பர் அடித்து அதன்மேல் ஓட்டிய ஒயராக இருக்கலாம், அலுமினியமாகவும் இருக்கலாம். அலுமினியம் திருகுக்கு அடியில் நாளாக நாளாக நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு சூடாகும், சூடானதால் இன்னும் தளரும். பிளக் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். துளைகளுக்குப் பின்னால் உள்ள பித்தளைப் பிடிகள் அகன்றிருந்தாலோ, பேக்கலைட்டில் பழுப்பு வளையம் விழுந்திருந்தாலோ அது கீசருக்கே தோற்றுப்போன பிளக். அதில் காரை மாட்டாதீர்கள்.

என்ன செய்யலாம்? மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், நடுவில் ஓர் இணைப்புகூட இல்லாமல். கடையில் 3/20 (20 கேஜ் கம்பி மூன்று இழை) கொடுத்து "இது தாங்கும் சார்" என்றால் வாங்காதீர்கள். அது இரண்டு சதுர மில்லிமீட்டர்தான். 7/20 என்றால் நாலரை, அது சரி. 20 ஆம்பியர் எம்சிபி ஒன்று, அது மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சுவிட்ச். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்று, அது மின்சாரம் கசிந்தால் விழும் சுவிட்ச். ஆர்சிசிபி 'ஏ' வகையாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும். கார் சார்ஜரில் நேர்மின்னோட்டமும் கலந்து கசியலாம். எர்த் தனியாகச் சோதித்தது. எர்த் பற்றி இந்தப் பக்கத்தில் இன்னும் பலமுறை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

இனி மொத்தக் கணக்கு. ஏசி ஒன்றரை கிலோவாட் சொச்சம், கீசர் இரண்டு, மோட்டார் ஒன்று, மற்றவை அரை, கார் 3.3. எல்லாம் ஒன்றாக ஓடினால் 8 கிலோவாட்டைத் தாண்டும், 35 ஆம்பியருக்கு மேல். பழைய சிங்கிள் பேஸ் மீட்டர்களில் பல, முகப்பிலேயே 5-30 ஆம்பியர் என்று எழுதியவை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டச் சொல்லி யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? மோட்டாரும் கீசரும் காலையில். கார் இரவு பதினொன்றுக்கு மேல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் சிறிய காருக்கு ஏறக்குறைய ஆறு யூனிட் போதும். அதை இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிட வேண்டிய அவசரம் என்ன? மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி காரிலோ சார்ஜரிலோ இருந்தால் 10 ஆம்பியரில் வையுங்கள். ஒயரில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் போகும். 14ஐ 10 ஆக்கினால் சூடு பாதியாகிவிடும். நேரம் மட்டும் ஒரு மணி கூடும், நீங்களோ தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவும் செய்தாலும், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (அழகாபுரம்): எங்களுக்கு மூன்று பேஸ் இருக்கிறது. ஆகவே எந்தக் கவலையும் இல்லை அல்லவா?

பதில்: மீட்டருக்குப் பக்கத்தில் திருகும் பேஸ் மாற்றி இருக்கிறதா? ஒரு பேஸ் போய்விட்டால் மொத்த வீட்டையும் இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டு, மின்சாரம் வந்த பிறகும் அப்படியே விட்டுவிடும் வீடுகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். மூன்று பேஸ் என்று பெயர். சுமை முழுவதும் ஒன்றின்மேல். அதில் காரையும் சேர்த்தால் அந்த மாற்றியின் முனைதான் முதலில் கருகும். காருக்கான லைனைப் பேஸ் மாற்றிக்கு முன்னால் எடுத்து ஒரே பேஸில் நிரந்தரமாக வையுங்கள். அந்தப் பேஸ் போனால் அன்றைக்குக் கார் காத்திருக்கட்டும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): வாசல் வரை பிளக் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. சுருட்டி வைத்த ஒயரில் சூடு வெளியேற வழியில்லை.

கேள்வி (அம்மாப்பேட்டை): வீட்டோடு சேர்ந்து விசைத்தறிக்கூடம் இருக்கிறது. அந்த இணைப்பு பலமானது. அதிலிருந்து காருக்கு எடுக்கலாமா?

பதில்: அண்ணா, அந்த இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசமாகக் கொடுப்பது தறிக்கு. காரை மாட்டினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன்படி அனுமதியற்ற பயன்பாடு. பிடிபட்டால் வரும் தொகையில் தறிக்கு நூலே வாங்கிவிடலாம். தோட்டத்துப் பம்ப்செட் இணைப்பைப் பற்றிக் கேட்ட மூவருக்கும் இதே பதில்.

கேள்வி (ஏற்காடு, ஒண்டிக்கடை அருகே): சார், எங்கள் வீட்டில் சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது, எர்த் இல்லை என்று. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பெட்டிக்குள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டார். இப்போது பச்சை எரிகிறது, கார் நன்றாகச் சார்ஜ் ஆகிறது. வேறொருவர் பார்த்துவிட்டு ஆபத்து என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இதைப் படித்தவுடன் போய் மெயினை அணைத்துவிட்டு வாருங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

அந்தத் துண்டு ஒயர் சார்ஜரை ஏமாற்றியிருக்கிறது. எர்த் முனையில் இப்போது இருப்பது நியூட்ரல், அதாவது மின்சாரம் கம்பத்துக்குத் திரும்பிப் போகும் கம்பி. எர்த் முனை காரின் உடலோடு சேர்ந்தது. எங்காவது உங்கள் வீட்டு நியூட்ரல் அறுந்தால், உதாரணமாகக் காற்றில் சில்வர் ஓக் கிளை சர்வீஸ் ஒயர்மேல் விழுந்தால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, பிரிட்ஜ் வழியாக வரும் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரலிலேயே நிற்கும். அதாவது காரின் கதவில். கம்பத்தில் வேலை பார்ப்பவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கட்டிவிட்டால் இன்னும் மோசம்: 230 வோல்ட் நேராகக் கார் உடலுக்கு வரும். கார் ரப்பர் டயரில் நிற்பதால் எதுவும் தெரியாது, பச்சை விளக்கும் எரியும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று கதவைத் தொடுபவருக்குத்தான் தெரியும்.

கேள்வி (சூரமங்கலம்): நான் மின்னியல் டிப்ளமா படித்தவன். மக்களைப் பயமுறுத்துகிறீர்கள். டிரான்ஸ்பார்மரிலேயே நியூட்ரலை எர்த்தோடுதான் இணைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். வீட்டில் இணைத்தால் மட்டும் என்ன கெட்டுப்போகும்?

பதில்: டிரான்ஸ்பார்மரில் இணைத்திருப்பது உண்மை. ஆனால் அங்கிருந்து உங்கள் வீடு வரை வரும் ஒற்றைக் கம்பியில் சுமை மின்னோட்டம் ஓடுகிறது, அது அறுபடவும் கூடும். எர்த் கம்பியில் சாதாரணமாக எதுவும் ஓடக்கூடாது. மின்சுற்றுப் படத்தில் ஒரே புள்ளி. தெருவில் பத்துக் கம்பங்கள், பத்து இணைப்புகள்.

கேள்வி (மீண்டும் சூரமங்கலம்): வெளிநாடுகளில் வீட்டு வாசலிலேயே இரண்டையும் இணைக்கிறார்களே. அவர்களெல்லாம் முட்டாள்களா?

பதில்: தம்பி, நல்ல கேள்வி, கோபத்தோடு கேட்டாலும். பிரிட்டனில் அப்படி இணைப்பது மின் நிறுவனம். வழியெங்கும் பல இடங்களில் நியூட்ரலை நிலத்தில் இறக்கியபடி வருகிறார்கள். அப்படியிருந்தும் வெளியே நிற்கும் காருக்கு மட்டும் அந்த எர்த்தை அப்படியே கொடுக்க அவர்களுடைய விதி விடுவதில்லை. தனி எர்த் போட வேண்டும், அல்லது அந்தக் கம்பி அறுந்தால் உடனே காரைத் துண்டிக்கும் சாதனம் வேண்டும். நீங்கள் சொல்லும் நாட்டிலேயே நான் சொல்லும் பயம் சட்டமாக இருக்கிறது.

கேள்வி (நாகலூர்): சண்டை இருக்கட்டும் சார். எங்கள் இடத்தில் நாலடி தோண்டினால் பாறை. இரண்டு எர்த் குழி போட்டும் கோடையில் வேலைக்கு ஆகவில்லை. மலையில் என்னதான் செய்வது?

பதில்: சேர்வராயன் மலையில் இந்தப் பாட்டைப் படாதவர் இல்லை. சார்னோகைட் பாறையில் எத்தனை மூட்டை உப்பும் கரியும் கொட்டினாலும் அது பாறைதான். ஆழம் போக முடியாவிட்டால் அகலம் போங்கள். மண் கொஞ்சமாவது தங்கும் பள்ளத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஈரம் காக்கும் இடத்தில், நீளமாகச் சால் எடுத்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைக் கிடையாகப் புதையுங்கள். சுற்றிலும் பென்டோனைட் களிமண் போடலாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரண்டு மூன்று மின்வாய்களைத் தள்ளித் தள்ளிப் புதைத்து இணையுங்கள். ஒட்டி ஒட்டிப் போட்டால் பயன் குறைவு. வீட்டிலிருந்து இருபது மீட்டர் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை.

இப்போது ஆர்சிசிபி ஏன் முக்கியம் என்று பாருங்கள். மலையில் எர்த் 10 ஓம் கிடைத்தாலே பெரிய விஷயம். பேஸ் கார் உடலில் பட்டால் 230ஐ 10ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, நிதானமாக யோசிக்கும். அதுவரை கார் உடலில் மின்சாரம். ஆர்சிசிபிக்கு 30 மில்லியாம்பியர் போதும். எர்த் 100 ஓமாகக் கெட்டுக் கிடந்தாலும் 2.3 ஆம்பியர் ஓடும், அது கணப்பொழுதில் விழுந்துவிடும். ஆகவே எர்த்தும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றதை விட்டுவிடலாமா என்று அடுத்து யாரும் கேட்காதீர்கள்.

கேள்வி (மீண்டும் சூரமங்கலம்): ஆர்சிசிபி இருந்தால் நியூட்ரலை இணைத்தாலும் அது காப்பாற்றிவிடும் அல்லவா?

பதில்: கேட்டேவிட்டீர்கள். ஆர்சிசிபிக்குப் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, எர்த் கொஞ்சம் உயிரோடும் இருந்தால், ஆர்சிசிபி ஓயாமல் விழும். வீட்டுக்காரர் திட்டுவார். துண்டு ஒயர் போட்ட அதே கை அடுத்த வாரம் ஆர்சிசிபியையும் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டுப் போகும். இந்த இரண்டாவது காட்சியை ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாவிலேயே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஒண்டிக்கடை): துண்டு ஒயரை எடுத்துவிட்டேன் சார். மீண்டும் சிவப்பு எரிகிறது.

பதில்: நன்றி. சிவப்பு எரிவதுதான் இப்போதைக்கு உங்களுக்குப் பாதுகாப்பு. நாகலூர்காரருக்குச் சொன்னபடி எர்த் போடுங்கள். மலையில் இடி அதிகம், கூடவே சர்ஜ் தடுப்பானும் வையுங்கள்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): அடுக்குமாடியில் இருக்கிறோம். சங்கத்தார் பொது மீட்டரிலிருந்து தர மறுக்கிறார்கள்.

பதில்: அவர்கள் மறுப்பது சரி, லிப்டும் மோட்டாரும் அதில்தான் ஓடுகின்றன. உங்கள் சொந்த மீட்டரிலிருந்து கீழே லைன் இறக்குங்கள். அல்லது காருக்கென்று தனி இணைப்பு கேளுங்கள். 2024இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் அதற்கு இடம் தருகின்றன. சங்கத்தாரைச் சம்மதிக்க வைக்கும் வித்தை என்னிடம் இல்லை.

கேள்வி (அஸ்தம்பட்டி): 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கிவிட்டேன். சிங்கிள் பேஸ். வைக்கலாமா?

பதில்: 31 ஆம்பியர். உங்கள் வீட்டு மீட்டரை அதற்கே தாரை வார்க்க வேண்டும். மூன்று பேஸ் வாங்குங்கள், 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஒயர் இழுங்கள். மெயின் ஒயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையம் சில சார்ஜர்களுக்கு உண்டு. வீட்டுச் சுமை ஏறினால் சார்ஜர் தானாக இறங்கிவிடும். இருந்தால் மாட்டுங்கள். திருப்பிக் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது.

கேள்வி (குகை): மின்சார ஸ்கூட்டருக்கும் இவ்வளவு வேண்டுமா?

பதில்: வேண்டாம். நல்ல பிளக், நல்ல எர்த்.

கேள்வி (கிச்சிப்பாளையம்): எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரமானதாக இருந்தால்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (அழகாபுரம்): பில் எவ்வளவு கூடும்?

பதில்: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதப் பில்லில் சுமார் 300 யூனிட் கூடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறும். பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கேள்வி (ஏற்காடு): விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். வருபவர்கள் இரவு முழுக்கச் சார்ஜ் செய்து நூறு சதவீதம் ஆக்கிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். ஒரே சமயத்தில் மூன்று கார் வந்தால் மெயின் விழுகிறது.

பதில்: இதற்கு வழி உங்கள் மலைப் பாதையிலேயே இருக்கிறது. ஒன்றரை டன் எடையைச் சேலத்திலிருந்து 1200 மீட்டர் உயரம் தூக்குவதற்கே ஐந்து யூனிட்டுக்கு அருகில் ஆகும். இறங்கும்போது மோட்டாரே டைனமோபோலச் சுழன்று வண்டியைப் பிடிக்கும், அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும், பேட்டரியில் இடம் இருந்தால். நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் திரும்பி வருவதை வைக்க இடமில்லை. மோட்டார் பிடிக்காது, முழு வேலையும் பிரேக் பட்டைமேல் விழும். ஆகவே எண்பது சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லி அறையில் எழுதி ஒட்டுங்கள். மூன்று காரையும் 10 ஆம்பியரில் வையுங்கள், முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கச் சொல்லுங்கள். வணிக இணைப்புதானே வைத்திருக்கிறீர்கள்? இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகு எர்த்தைச் சோதித்துவிட்டு எழுதுங்கள்.