குடியை நிறுத்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயரை வெளியிடாமல் குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் குழு) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது, போனால் என்ன கேட்பார்கள், தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

சில வருடங்களாகப் போய்க்கொண்டிருப்பவன் என்பதால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டத்தைவிட அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்கிற நிலையில் இருந்தால், "இன்றையோடு சரி" என்று வீட்டில் தனியாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்து பிதற்ற ஆரம்பிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவில் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துவிடும். ஏ.ஏ.வில் டாக்டர் கிடையாது, மாத்திரை கிடையாது. குடியால் அடிபட்டு, அதை விட வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். கூப்பிட்டால் பெரும்பாலும் எடுப்பவரே குடியை விட்ட ஆள்தான். "புதுசா வரேன், கூட்டம் எங்கே நடக்குது?" என்றால் போதும், எந்த ஏரியா, தமிழா இங்கிலீஷா என்று மீதியை அவரே கேட்பார். போன் பண்ணக் கூச்சமாக இருந்தால் பக்கத்தில் உள்ள குடிபோதை மறுவாழ்வு மையத்தில் விசாரியுங்கள், சென்னையில் என்றால் இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை மாதிரி இடங்கள். போதையை விட உதவும் அரசின் இலவச எண் 14446-ம் இருக்கிறது. இடமும் நேரமும் மாறுவதுண்டு, அதனால் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பல கூட்டங்கள் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். அதைப் பார்த்து மதம் மாற்றப் போகிறார்கள் என்று பயந்து கேட்டோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வாடகை குறைவு, மாலையில் ஹால் காலி, அவ்வளவுதான் காரணம். 1935-ல் அமெரிக்காவில் இதைத் தொடங்கியவர்கள் ஒரு கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். குடியை விட ஏ.ஏ. சொல்லும் வழிமுறைக்குப் பன்னிரண்டு படிகள் என்று பெயர், அந்த வாடை அதிலும் இருக்கிறது, கடவுள் வருவார். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் எழுதியிருக்கிறது. நான் போகும் குழுவில் விபூதி வைத்தவரும் இருக்கிறார், கறுப்புச் சட்டைக்காரரும் இருக்கிறார், சண்டை வந்ததில்லை.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பன்னிரண்டு படிகள் எழுதிய துணி, பிளாஸ்கில் டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்பார், எல்லோரும் வணக்கம் சொல்வார்கள், அவர் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், முடித்ததும் புத்தி சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் குடிகாரனுக்கு எல்லோரும் புத்தி சொல்லித்தான் பழக்கம், அதனால் இதுவே எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. உங்களைக் கூப்பிட்டால் "இன்னைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்று உட்கார்ந்துவிடலாம். கட்டணம் இல்லை. பணத்துக்கு ஒரு பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் சேரலாம், வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? அவர் அங்கே எதற்கு வந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், கூட்டம் நடக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைவிட அது முடிந்து வாசலில் நிற்கும் பத்து நிமிடம்தான் முக்கியம். அங்கேதான் நம்பர் கொடுப்பார்கள். வெட்கப்படாமல் நாலைந்து பேரிடம் வாங்குங்கள், ஒருவர் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுப்பார். சம்பள நாள் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும், அந்த நேரத்துக்குத்தான் இந்த நம்பர்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் எனக்குச் சொன்னது: "தம்பி, பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு போன் பண்ணாத. கடைக்குக் கிளம்பணும்னு தோணுதுல்ல, அப்பவே பண்ணு." பண்ணியிருக்கிறேன். கிரிக்கெட் ஸ்கோர், அவர் பேத்தியின் பரீட்சை என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருப்பார், அதற்குள் பஸ் கடையைத் தாண்டிவிடும்.

முதல் குழு ஒத்துவராவிட்டால் வேறு குழு பாருங்கள். சில இடத்தில் பழைய ஆட்கள் அதே கதையையே ஒவ்வொரு வாரமும் சொல்வார்கள், அறுவையாகத்தான் இருக்கும். பெண் என்றால் நேரில் பெண்கள் குறைவு என்பது ஒரு சங்கடம். பெண்களுக்கென்றே இணையவழிக் கூட்டங்கள் நடக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம். இதெல்லாம் வெறும் நம்பிக்கை என்று நினைப்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குடியை முழுதாக விட்டு இருப்பதில் ஏ.ஏ.வும் அதற்கு ஆளை அனுப்பும் சிகிச்சை முறையும் மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றைவிட மேல் என்றே வந்தது. எல்லோருக்கும் பலிக்கிறது என்று அர்த்தமில்லை. மருந்தும் கவுன்சிலிங்கும் கூடவே போகட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. நீங்கள் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் உங்கள் மனைவியோ அம்மாவோ அதற்குப் போகலாம், அதே தொடர்பு எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.