இந்திய அரசியலமைப்பு பல நாடுகளிலிருந்து நகலெடுக்கப்பட்டதா?

"அயர்லாந்து, கனடா, அமெரிக்கா என்று கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்து ஒட்டியதுதானே இந்திய அரசியலமைப்பு, இதில் நம்முடையது என்ன இருக்கிறது?" என்பது கேள்வி.

எடுத்தது உண்மை. எடுத்தவர்களே அதை ஒளிக்கவும் இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கடன் வாங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை, அரசியலமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்று நேரடியாகவே சொன்னார். ஆனால் 'நகல்' என்பதை நான் ஏற்க மாட்டேன்.

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அந்த அட்டவணை நினைவிருக்கும். வழிகாட்டு நெறிமுறைகள் என்றால் அயர்லாந்து, பொதுப் பட்டியல் என்றால் ஆஸ்திரேலியா, அடிப்படைக் கடமைகள் என்றால் சோவியத் ஒன்றியம். மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் மிகப் பெரிய கடன் யாரிடம் வாங்கியது என்பது அதில் சரியாகத் தெரியாது. அது ஆங்கிலேயர் நமக்காக இயற்றிய 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். ஆளுநர் பதவி, மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரங்களைப் பிரிக்கும் மூன்று பட்டியல்கள், தேர்வாணையங்கள் எல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தவை. 1939-இல் ராஜாஜி அமைச்சரவை விலகிய பிறகு சென்னை மாகாணத்தை ஆளுநர் நேரடியாக ஆண்டது அச்சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படிதான். மாநில அரசைக் கலைக்க வழிசெய்யும் இன்றைய 356-ஆம் உறுப்பு அதன் வாரிசுதான். கருணாநிதி ஆட்சி 1976-இலும் 1991-இலும் கலைக்கப்பட்டது இதைக் கொண்டுதான். வீணை, சிதார் இசையை எதிர்பார்த்தோம், ஆங்கில பேண்டு வாத்தியம்தான் கிடைத்திருக்கிறது என்று சபை உறுப்பினர் அனுமந்தையா குறைப்பட்டுக்கொண்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அதே சமயம், 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்தோ படிப்போ உள்ள சிறு பகுதியினருக்குத்தான் வாக்குரிமை. அதை நம்மவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை, வயது வந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் உறுப்பை எந்த நாட்டிலிருந்து எடுத்திருக்க முடியும்?

அடுத்து கனடா. எந்தப் பட்டியலிலும் வராத எஞ்சிய அதிகாரங்கள் மத்திய அரசுக்கே என்பது அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் 1946 டிசம்பரில் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானம் அந்த அதிகாரங்களை மாநிலங்களுக்குத்தான் கொடுத்தது. முஸ்லிம் லீக்கையும் உள்ளே வைத்திருக்க அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டது. 1947 ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் அந்தத் தேவை போய்விட்டது, சபை வலுவான மத்திய அரசின் பக்கம் திரும்பியது. கனடா மாதிரி நல்ல மாதிரி என்பதற்காக மட்டும் யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை 21-ஆம் உறுப்பு. ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிப்பதென்றால் அமெரிக்க முறையில், அந்தச் சட்டமே நியாயமானதா என்று நீதிபதிகள் கேட்கலாம். சபையும் முதலில் அதைத்தான் ஏற்றது. அப்புறம் சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போனார். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டர், அந்த அதிகாரத்தை நீதிபதிகளிடம் கொடுக்காதீர்கள் என்றார். உடனே 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற ஜப்பானிய வாசகம் உள்ளே வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஜப்பானிய அரசியலமைப்பே அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் எழுதப்பட்டது!

விளைவு 1950-லேயே தெரிந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் ஒன்று இருக்கிறது, அதன் நடைமுறையும் பின்பற்றப்பட்டிருக்கிறது, அது போதும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 28 ஆண்டுகள் கழித்து, பாஸ்போர்ட் முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில் அதே நீதிமன்றம், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. உறுப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வாசலில் திருப்பி அனுப்பிய அமெரிக்கக் கருத்து கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. 2017-இல் அந்தரங்க உரிமையும் முக்கியமாக இந்த உறுப்பின் மேல்தான் எழுப்பப்பட்டது.

1950-க்குப் பிறகும் கடன் வாங்குவது நிற்கவில்லை. ஹிட்லர் காலத்துப் பாடத்தால், சில அடிப்படைகளைத் திருத்தவே முடியாது என்று ஜெர்மானியர்கள் 1949-இல் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். ஜெர்மன் அறிஞர் டீட்ரிச் கான்ராட் 1965-இல் பனாரஸ் பல்கலைக்கழகத்தில், திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று பேசினார். அந்த வாதம் வழக்கறிஞர்கள் வழியாக நீதிமன்றத்துக்குப் போய், 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைகளை நாடாளுமன்றம் திருத்தி அழிக்க முடியாது என்ற 'அடிப்படைக் கட்டமைப்பு' கோட்பாடாகியது. ஜெர்மனியில் அது எழுதப்பட்ட விதி, இங்கே நீதிபதிகள் கண்டெடுத்த விதி. 1989-இல் வங்கதேச உச்ச நீதிமன்றம் தன் நாட்டின் 8-ஆவது திருத்தத்தின் ஒரு பகுதியைச் செல்லாதது என்று அறிவித்தபோது இந்தக் கோட்பாட்டை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.