ஒட்டு தெரியும் இடம்

வணக்கம் சார்,

தாத்தா வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கணக்குப்பிள்ளை. துரை ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன நீலப்பூ டீ செட் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாலத்தில் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவைகள், ஒரு சாய்ந்த மரம். சீனாவில் கையால் வரைந்தது என்பார் அம்மா. ஆனால் அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அடியில் இருப்பதுதான் சரி. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இதற்கு வில்லோ பேட்டர்ன் என்று பெயர், வில்லோ என்பது அந்தச் சாய்ந்த மரம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், சீனப் பீங்கானைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் உருவாக்கியது. பாலத்தில் ஓடுவது காதலர்கள், துரத்துவது அப்பா, செத்துப் புறாவானார்கள் என்றொரு கதையும் உண்டு. அதுவும் சீனக் கதை இல்லை. 1849இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. படம் விற்க ஆரம்பித்துப் பல வருஷம் கழித்துக் கதை!

கையால் வரைந்ததும் இல்லை. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, எண்ணெயில் குழைத்த, நீலம் தரும் கோபால்ட் மையைச் சூடாகத் தடவி, மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். மை காய்வதற்குள் தாளைக் கோப்பையில் சுற்றி விறைப்பான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீரில் தாள் கழன்றுவிடும், படம் நிற்கும். எண்ணெய் போக ஒரு சூடு, அப்புறம் மேலே கண்ணாடிப் பூச்சு, மறுபடி சூளை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஜோசையா ஸ்போட் என்ற பாண்டத் தயாரிப்பாளர் 1784 வாக்கில் இதை நீலத்தில் கைவரப்பெற்றார். அந்தச் சூட்டுக்குக் கோபால்ட் நன்றாகத் தாக்குப்பிடித்தது. அதனால்தான் பழைய செட்டெல்லாம் நீலம்.

தாளை வெட்டியது பெரும்பாலும் சிறுமிகள், ஒட்டியது பெண்கள். தட்டையான தட்டு சுலபம். வளைந்த கோப்பையில் தாளின் இரண்டு ஓரமும் ஒழுங்காகச் சேராது, ஒட்டு தெரியும். கைப்பிடிப் பக்கம் விளிம்புப் பூவேலையைப் பாருங்கள், எங்காவது வெட்டுப்பட்டிருக்கும். என்னிடமுள்ள ஒற்றைச் சாசரில் ஒரு பூவின் மேல் இன்னொரு அரைப்பூ ஏறி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரமோ என்னவோ. கதையைவிட எனக்கு அந்த அரைப்பூதான் பிடிக்கும்.

நாட்டின் பெயர் இருப்பதால் உங்களுடையது 1891க்குப் பிந்தியதாக இருக்கலாம். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் அது கட்டாயமானது அப்போதுதான். கோப்பையை வெளிச்சத்தில் பிடியுங்கள். மறுபக்கம் விரலின் நிழல் தெரிந்தால் பீங்கான், அநேகமாக எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா. தெரியாவிட்டால் சாதாரண மண்பாண்டம்தான். வில்லோவில் அதுதான் அதிகம்.

பூச்சில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் டீ ஊற்றாதீர்கள், அலமாரியில் இருக்கட்டும். ஒட்டு கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.