பட்டினி கிடக்கிற நாய்க்கு எப்படி இரண்டு கிலோ ஏறும்?

கேள்வி: எங்கள் வீட்டில் லட்டு என்று நான்கு வயதுப் பெண் லாப்ரடார் இருக்கிறது. சில மாதங்களாக டிரை ஃபுட்டைத் தொடுவதே இல்லை. ஜூன் கடைசியில்தான் முதல்முறையாகத் தட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. ஜூலையில் வேறு கம்பெனி மாற்றினேன். பத்து நாள் சாப்பிட்டது, பிறகு நிறுத்திவிட்டது. அப்புறம் இன்னும் இரண்டு கம்பெனி. முட்டை கலந்தேன், தயிர் கலந்தேன். இப்போது கோழி சூப் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஊட்டினால் கொஞ்சம் இறங்குகிறது. (பையன் ப்ளஸ் டூ என்பதால் ஜூனிலிருந்து நான்தான் சாப்பாடு வைக்கிறேன். முன்பு அவன் வைத்தால் இரண்டே நிமிடத்தில் தட்டு காலி.) காதை ஓயாமல் சொறிகிறதென்று ஆகஸ்டில் டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை, பல் எல்லாம் சரியாக இருக்கிறது, போன வருஷம் 33 கிலோ, இப்போது 35 என்றார். கோழி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், மீன் உணவுக்கு மாற்றி எட்டு வாரம் பாருங்கள் என்றார். அந்த மீன் பாக்கெட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இரவில் வேறு பையன் அறைக் கதவைப் பிறாண்டுகிறது. அவன் படிப்பு கெடுகிறதென்று பால்கனியில் கட்டிவிடுகிறோம். இவ்வளவு அடம் பிடிக்கிற நாயை எப்படிப் புது உணவுக்கு மாற்றுவது?

– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: கோயம்புத்தூர்க்காரர் என்பதால் அம்மணி என்றே கூப்பிடுகிறேன். திட்டுவதற்கும் அது கொஞ்சம் சௌகரியம்.

முதலில் எடை. சாப்பிடவே மாட்டேன் என்கிற ஜீவன் 35 கிலோ இருக்கிறது. பெண் லாப்ரடார் 25 முதல் 32 கிலோ வரை இருந்தால் போதும். போன வருஷமே உங்கள் லட்டு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, இந்த வருஷம் பட்டினி கிடந்து இன்னும் இரண்டு கிலோ சேர்த்திருக்கிறது. முட்டை, தயிர், சூப், நீங்கள் எழுதாமல் விட்ட மாரி பிஸ்கட் (எல்லோரும் அதை எழுதாமல்தான் விடுவார்கள்) எல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

லாப்ரடார் என்பது சாப்பாட்டை மறுக்கிற இனமே இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். 'வயிறு நிறைந்துவிட்டது' என்ற செய்தியை மூளைக்குள் கொண்டுபோவதில் பங்குள்ள ஒரு மரபணுவில், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறதாம். இந்த இனம் சாக்ஸைக்கூட விழுங்கும் என்று வைத்திருப்பவர்கள் சொல்வது சும்மா இல்லை. அப்படிப்பட்ட நாய் தட்டை விட்டு எழுந்து போனால் முதலில் பல், உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகம் என்று சந்தேகப்பட வேண்டும். நீங்கள் டாக்டரிடம் காட்டி ரத்தமும் பார்த்துவிட்டீர்கள். அந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். என் பாராட்டு இத்தோடு முடிந்தது.

கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று டாக்டர் சந்தேகப்பட்டு மீனுக்கு மாறச் சொல்கிறார். நீங்கள் அதன் மேல் கோழி சூப் ஊற்றுகிறீர்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சப்பாத்தி போட்டு, அதன் மேல் குலாப் ஜாமூன் ஜீராவை ஊற்றினால் எப்படி? இந்த எட்டு வாரச் சோதனையில் வேறு ஒரு துணுக்கு உள்ளே போனாலும் விடை கிடைக்காது. பிஸ்கட் கூடாது, தயிர் கூடாது, முட்டை கூடாது. மாதாமாதம் கொடுக்கிற உண்ணி மாத்திரையில்கூட இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் தேதி இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, கிலோ இருக்கிறது. பையனுக்கு மட்டும் அடைப்புக்குறி. அடைப்புக்குறிக்குள் ஒருவர் எதை எழுதுகிறாரோ அதைத்தான் நான் முதலில் படிப்பேன். இத்தனை வருஷமாகக் கடிதம் படித்ததில் வந்த பழக்கம்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. அவன் கையிலிருந்து நாய்த்தட்டை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். ஜூன் கடைசியில் லட்டு சாப்பாட்டை நிறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. அந்தப் பாக்கெட்டில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. வைத்த கை மாறியது. அதே நாய் இரவில் எந்தக் கதவைப் பிறாண்டுகிறது? சமையலறைக் கதவையா? பசிக்கிற நாய் அங்கேதான் போகும், அம்மணி.

வேளையும் ஆளும் மாறினால் நாய்கள் சாப்பாட்டைக் குறைப்பது சகஜம். சில நாளில் அதுவாகவே சரியாகியிருக்கும். உங்கள் பதற்றம்தான் அதைப் பழக்கமாக்கிவிட்டது. முகத்தைத் திருப்பினால் புதுப் பாக்கெட் வரும் என்று ஜூலையில் லட்டுவுக்குத் தெரிந்துபோனது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முட்டை வரும், அதற்கும் மேல் பொறுத்தால் சூப்போடு ஊட்டிவிட ஒரு அம்மாவும் வருவார் என்று அப்புறம் கற்றுக்கொண்டது. நீங்கள் அதைப் பழக்கவில்லை, அதுதான் உங்களைப் பழக்கி வைத்திருக்கிறது. இதில் லட்டுவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குற்றம் சொல்ல வேண்டிய இடம் வேறு. பதிமூன்று வயதில் அவன் நாய் வேண்டும் என்று கேட்டிருப்பான். 'நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆச்சரியம் என்னவென்றால் அவன் பார்த்துக்கொண்டான். பெரும்பாலான பையன்கள் இரண்டாம் மாதமே அம்மா தலையில் கட்டிவிடுவார்கள். உங்கள் மகன் நான்கு வருஷம் வேளை தவறாமல் சோறு வைத்திருக்கிறான். அதைப் பிடுங்கியது நீங்கள்.

ப்ளஸ் டூ வந்துவிட்டால் நம் வீடுகளில் எமர்ஜென்சி அறிவித்துவிடுகிறோம். கேபிள் துண்டிக்கப்படும், அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போவாள், விருந்தாளி வந்தால் கிசுகிசுவென்று பேச வேண்டும். தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேரனை அழைத்து வராத வீட்டை எனக்கு நேரில் தெரியும். கெமிஸ்ட்ரி ரிவிஷன் டெஸ்ட்டாம். பெரியவர் அந்தப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்த மனிதர்.

கோபமாக எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் நீங்கள் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். உன்னை நம்பி ஒரு ஜீவன் தட்டின் முன்னால் காத்திருந்தாலும், மார்க் முக்கியமென்றால் அதை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அது கதவைப் பிறாண்டினால் பால்கனியில் கட்டலாம். இந்தப் பாடத்தை அவன் நன்றாகவே படிப்பான், கெட்டிக்காரப் பையன்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து நீங்கள் முட்டிவலியோடு படுத்திருக்கும்போது அவனுக்கு ஏதோ ஒரு ப்ராஜெக்ட் இருக்கும். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வான். மாதம் தவறாமல் பணம் அனுப்புவான். அன்றைக்கும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள், அப்போது நான் என்ன பதில் சொல்வது?

வாயில்லா ஜீவனுக்கு வைக்காமல் சோற்றில் கை நனைக்கக் கூடாது என்பார் என் அப்பா. எங்கள் வீட்டு நாய் ஒரு நாட்டு நாய், அதற்கு ராகிக் களிதான். பரீட்சைக்கும் சீக்குக்கும் அந்த விதியிலிருந்து எங்களுக்கு விலக்கு கிடைத்ததில்லை. நாய்க்குக் களி உருட்டிப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் நான் எந்த மார்க்கையும் கோட்டை விட்டதாக ஞாபகம் இல்லை.

இனி செய்முறை. தட்டு அவன் கைக்குத் திரும்பிப் போகட்டும். மீதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அலமாரியில் இருக்கிற பாக்கெட்டுகளில் லட்டு கடைசியாக ஓரளவு சாப்பிட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தெரு நாய்களுக்குப் போட்டுவிடுங்கள். மீன் பாக்கெட்டின் பின்னால் எடைக்கு எத்தனை கிராம் என்று அட்டவணை அச்சிட்டிருக்கும். அதில் 35 கிலோவுக்கு நேராக இருக்கிற அளவைப் பார்க்காதீர்கள், இருக்க வேண்டிய எடைக்கு நேராகப் பாருங்கள். அந்த எடை எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு பேச்சுக்கு நாளைக்கு 360 கிராம் என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்று நாள் பழையது 270, மீன் 90. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. ஏழிலிருந்து ஒன்பதாம் நாள் வரை மீன் 270, பழையது 90. பத்தாம் நாளிலிருந்து முழுக்க மீன். வயிறு இளகினால் முந்தின படியிலேயே இரண்டு நாள் கூடுதலாக நில்லுங்கள். ஒரே நாளில் மாற்றினால் பெரும்பாலும் பேதியில்தான் முடியும், அதற்கும் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று பாக்கெட்டைத் தூக்கிப்போடுவீர்கள். டாக்டர் சொன்ன எட்டு வாரம் அந்தப் பத்தாம் நாளிலிருந்துதான் ஆரம்பம்.

காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. வெதுவெதுப்பான தண்ணீர் நாலு ஸ்பூன் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் மணம் எழும். நாய் நாக்கைவிட மூக்கால்தான் அதிகம் சாப்பிடுகிறது, அதற்குச் சூப் தேவையில்லை. தட்டை வைக்க வேண்டும், இருபது நிமிடம் விட வேண்டும், மீதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை ஒன்றுமில்லை. கெஞ்சக் கூடாது, ஊட்டக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கவும் கூடாது. இந்த நேரத்தில் உங்களால் சமையலறையில் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

நான்கு வயது, நல்ல ஆரோக்கியம், 35 கிலோ. இப்படிப்பட்ட நாய் ஒன்றிரண்டு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு முழு நாள் எதுவும் தொடவில்லை, கூடவே வாந்தி அல்லது சோர்வு என்றால் டாக்டரிடம் போங்கள். (இதைப் படிக்கிற வேறு யாராவது குட்டிக்கோ, பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்க்கோ இந்த வேளை விடுகிற வைத்தியத்தைச் செய்துவிடாதீர்கள். அவற்றுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.)

எடை குறைந்தால் பதறாதீர்கள். 2002இல் வெளியான ஒரு நீண்ட ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்தார்கள். கூடப் பிறந்த குட்டிகளைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. கோழி சூப் ஊற்றும்போது இந்தக் கணக்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. சொறிவது நின்றிருந்தால் பழைய கோழி உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார் டாக்டர். மறுபடி சொறிய ஆரம்பித்தால்தான் கோழி குற்றவாளி என்று உறுதி. உங்கள் மகன் பயாலஜி குரூப் என்றால் இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எந்த லேபிலும் கிடையாது. தினமும் எத்தனை கிராம் வைத்தான், எத்தனை மீதி, காது எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும்.

காலை பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம். அவன் போனில் தொலைக்கிற நேரம் இதைவிட அதிகம், அதை நீங்களும் அறிவீர்கள். பால்கனிக் கயிற்றை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். லட்டு அவன் காலடியில் படுத்துத் தூங்கட்டும், தூங்குகிற நாயால் எந்தப் படிப்பும் கெட்டதில்லை. அவன் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டில்தானே இருக்கிறார்? சாயங்காலம் நாயை நடத்திக் கூட்டிப்போகிற வேலையை அவருக்குக் கொடுங்கள், இரண்டு பேருக்கும் கிலோ குறையும்.

சோதனை முடிந்ததும் காது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அவனை எழுதச் சொல்லுங்கள். மார்ச்சில் தமிழ்த் தாளுக்கும் பயிற்சியாக இருக்கும்.