தண்டு, தாள், காம்பு: கேள்வி பதில்

கே: ‘நற்றாள் தொழாஅர்’ என்ற குறளில் வரும் தாளும் நெல்லின் தாளும் ஒன்றா?

ஒன்றுதான். தாள் என்றால் கால், அடி. பயிரைத் தாங்கி நிற்பதால் அதன் தண்டும் தாள் ஆயிற்று. அறுத்தபின் வயலில் நிற்கும் கட்டைக்கு ‘அரிதாள்’ என்று பெயர். ‘வெள்ளத் தனைய மலர்நீட்டம்’ என்ற குறளில் வள்ளுவர் தண்டின் பெயரையே சொல்லவில்லை. நீர்ப்பூவின் ‘தாள்’ என்று பொருள் விரித்தவர் பரிமேலழகர். முயற்சியைக் குறிக்கும் ‘தாளாண்மை’யும் இந்தக் குடும்பம்தான் என்பேன். காலூன்றாமல் ஏது முயற்சி?

கே: தண்டு என்பது வடமொழித் ‘தண்ட’த்தின் திரிபுதானே?

அப்படிச் சொல்வோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. வடமொழியில் அது முதலில் கோல், கைத்தடி. தண்டனைப் பொருள் அதிலிருந்து கிளைத்தது. நாம் கட்டும் ‘தண்டம்’ அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கன்னடத்திலும் கீரையின் தண்டுக்கு இதே சொல் வழங்குகிறது. செடியின் தண்டைக் கைத்தடியோடு கட்டிவிட எனக்கு மனமில்லை.

கே: வாழையின் அடிமரம் முழுவதும் தண்டா?

இல்லை. வெளியே பருத்துத் தெரிவது இலைகளின் அடிப்பட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் சுற்றியிருக்கிறது. குலை தள்ளிய மரத்தில் பட்டை பட்டையாக உரித்துக்கொண்டே போனால், நடுவில் வெள்ளை வெளேரென்று ஓர் உருளை கிடைக்கும். உடைத்தால் நார் இழுபடும். நிலத்தடிக் கிழங்கிலிருந்து மேலேறிக் குலையைச் சுமப்பது அதுதான். அதை மட்டும் ‘வாழைத்தண்டு’ என்று பிரித்துச் சொன்னவர்கள் தாவரவியல் படித்தவர்கள் அல்லர்!

கே: காம்பு?

இலையையோ பூவையோ காயையோ கிளையோடு இணைப்பது. கருவிகளின் பிடிக்கும் அந்தப் பெயர் உண்டு. பழம்பாடல்களில் காம்பு என்றால் மூங்கில்.

கே: எல்லாவற்றையும் தண்டு என்றே சொன்னால் என்ன?

பாடநூலுக்கு அது போதும். ஆனால் மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் தரும் பட்டியலைப் பாருங்கள்: நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புதருக்குத் தூறு, வேம்புக்கு அடி. இவற்றில் ‘கழை’ இன்று தனியாக வழங்குவதில்லை. கழைக்கூத்தாடியின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.